மாப்பிள்ளை வண்டியின் அடியில்

லாரிக்கு அடியில் என்னென்ன இருக்கும் என்று நான் முதன்முதலாகக் குனிந்து பார்த்தபோது எனக்கு வயது அறுபத்தேழு. அதுவரைக்கும் லாரி என்றால் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு தொட்டி, நடுவில் சத்தம், அவ்வளவுதான்.

வண்டி என் மாப்பிள்ளையுடையது. மகளும் அவரும் மைசூரில் ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் காலமான பிறகு ராமாபுரத்திலிருந்து நானும் அவர்களோடு வந்து சேர்ந்தேன். மாப்பிள்ளை பதினைந்து வருஷம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவர். ஆறு டயர் வைத்த இந்தச் சின்ன லாரிதான் அவர் பெயரில் ஓடும் முதல் வண்டி. நஞ்சன்கூட்டில் மாட்டுத் தீவன மூட்டை ஏற்றி, கொள்ளேகால், ஹனூர் வழியாக ராமாபுரம் வரைக்கும் கடைகளுக்குப் போட்டுவிட்டு வருவார்.

எங்கள் பக்கத்தில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் அதிகம் பேசுவதில்லை. அதில் மரியாதை எவ்வளவு, கூச்சம் எவ்வளவு என்று எனக்கே தெரியாது. நான் பொதுவாகவே வெளி ஆளிடம் வாய் திறக்காதவள். மாப்பிள்ளையிடம் என்றால் கேட்கவே வேண்டாம். சின்ன வீடு. மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் சாப்பிடுவோம். அப்போதும் நான் மகளிடம், "மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு" என்பேன். அவர் தட்டைப் பார்த்தபடி, "போதும்னு சொல்லு" என்பார். மகள் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்ப்பாள்.

"நான் என்ன இந்த வீட்டுக்குப் போஸ்ட் ஆபீஸா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குதில்ல?"

அப்போதும் நாங்கள் மாறவில்லை.

வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. மூட்டை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் பின்பக்கத்திலிருந்து 'ஊ...ம்' என்று ஒரு முனகல் வருமாம். இறக்கத்தில் இருக்காது. காலி வண்டியிலும் இருக்காது. வண்டி வாங்கிய இடத்திலேயே சர்வீஸ் சென்டரும் இருக்கிறது. மாப்பிள்ளை மூன்று தடவை அங்கே போய்ச் சொன்னார். அவர்கள் காலி வண்டியை எடுத்துக்கொண்டு ரிங் ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூட்டையோடு கொண்டுவந்து காட்டுகிறேன் என்றால், பாரம் ஏற்றிய வண்டியை உள்ளே விடுவது அவர்கள் சட்டத்தில் இல்லையாம். காலி வண்டியோ முனகாது. என்ன செய்வது?

ஒரு திங்கட்கிழமை மகள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏனுங், வாரண்டி வர்ற சனிக்கிழமையோட முடியுதுங். மெசேஜ் வந்திருக்குது."

மாப்பிள்ளை சாப்பிட்ட கையை வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார். அப்புறம் மகள்தான் அடுப்படியில் எனக்கு விளக்கினாள். பின் சக்கரங்களைச் சுற்றவைக்கிற பெட்டி பழுதாகி, அது வாரண்டி முடிந்த பிறகு உடைந்தால், மொத்தச் செலவும் நம் தலையில்தான். அதைத் தாங்க முடியாது. வண்டியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் அடுத்தவர் வண்டியில் ஏற வேண்டியதுதான். "அது அவருக்கு ஆகாதும்மா" என்றாள். எனக்கும் தெரியும். சொந்த வண்டி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் நடக்கிற நடையே வேறு.

அப்போது என்னிடம் ஒரு விஷயம் இருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டி நிற்பது எங்கள் வீட்டை ஒட்டின காலி சைட்டில். ஒருநாள் காலையில் அங்கே குப்பை கூட்டப் போனபோது தரையில் ஒரு கறுப்புச் சொட்டைப் பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருக்கும். தொட்டு மோந்தேன். மோட்டாரில் ஊற்றுகிற எண்ணெயின் வாடை எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து இன்ஜினுக்கு எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறேன். இது அது இல்லை. தீக்குச்சியை உரசினவுடன் ஒரு நெடி வருமே, அதோடு கெட்டுப்போன முட்டை வாடையையும் கலந்தால் எப்படி இருக்கும், அப்படி. இது எங்கேயிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு ஆவல் வந்துவிட்டது.

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து வண்டிக்கு அடியில் விரித்து வைத்தேன். மறுநாள் ஒன்றும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வண்டி ராமாபுரம் போய்வந்த மறுநாள் காலையில் அட்டையில் நாலு சொட்டு. நஞ்சன்கூட்டுக்கு மட்டும் போய்வந்த நாளில் அட்டை சுத்தம். ஹனூர் வரைக்கும் போனால் இரண்டு சொட்டு. பெரிய மேடு ஏறினால்தான் எண்ணெய் வருகிறது என்பது இரண்டு வாரத்தில் எனக்குப் பிடிபட்டது. சொட்டு எப்போதும் பின் சக்கரங்களுக்கு நடுவில், கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் விழுந்தது. அந்த இடத்துக்கு நேர் மேலே என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் நான் குனிந்தேன். பெரிய பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் குண்டு. அதற்குள் போய்ச் சேரும் நீளமான ஒரு தடிக் கம்பி. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா, என்னம்மா தொலைத்துவிட்டாய் என்று கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

திங்கட்கிழமை அன்றே அட்டைகளை எடுத்துக்கொண்டுபோய் மகளிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாப்பிள்ளை கூடத்தில், மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் அவர் பக்கம் திரும்பி, "அம்மா என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"கேட்டுச்சு கேட்டுச்சு. புதன்கிழமை வண்டியை சர்வீஸுக்கு உடறேன். அட்டையை எடுத்து வெக்கச் சொல்லு." கொஞ்ச நேரம் கழித்து, "அத்தையும் வந்தா நல்லா இருக்கும்னு சொல்லு" என்றார்.

மகளுக்கு அன்று அவள் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் லீவு கிடைக்காது. ஆகவே நானும் மாப்பிள்ளையும் மட்டும் போகவேண்டும். அதை நினைத்தே எனக்கு இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை.

புதன்கிழமை விடியற்காலையில் எழுந்து, எப்போதும்போல வண்டியைக் கழுவினேன். சர்வீஸுக்குப் போகும் நாளில் வண்டி கழுவுவது என் வேலை. அதை நானே எடுத்துக்கொண்டேன். பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணைத் தலை சீவாமல், பழைய சேலையோடு அனுப்பினால் அங்கே என்ன நினைப்பார்கள்? இவர்கள் நன்றாக வைத்துக்கொள்ளவில்லை என்றுதானே? வண்டிக்கும் அந்த இடம் பிறந்த வீடு மாதிரிதானே என்று எனக்குத் தோன்றும். ஊரில் மாட்டாஸ்பத்திரிக்கு மாட்டை ஓட்டிப் போனாலும் குளிப்பாட்டித்தான் ஓட்டிப் போவோம். ஆகவே மேலே, கீழே, சக்கரம், சக்கரத்துக்கு உள்பக்கம், அந்தப் பூசணிக்காய் எல்லாவற்றையும் சோப்புப் பொடி போட்டு, தென்னை நாரால் தேய்த்துக் கழுவினேன். மஞ்சள் குங்குமமும் வைத்தேன். மாப்பிள்ளை பார்த்தார், அவருக்கும் திருப்திதான்.

சர்வீஸ் சென்டர் வாசலில் காவலுக்கு இருந்தவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அங்கே வருகிற வண்டிகளை முதலில் வாட்டர் வாஷுக்கு அனுப்பி, கழுவிய பிறகுதான் மெக்கானிக் மேஸ்திரி தொடுவாராம். எங்கள் வண்டியைப் பார்த்ததும், "இதுக்கு வாஷே வேண்டாம். நேரா உள்ளே போங்க" என்று கையைக் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை.

மேஸ்திரி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகப் பேசுவார். மாப்பிள்ளை அட்டைகளைக் காட்டினார். மேஸ்திரி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரோட வண்டி எண்ணெயின்னு எப்படி சார் சொல்றது? ரோட்டோரமா நிக்கற வண்டி. நாளைக்கு நானும் ஒரு அட்டை கொண்டாந்து காட்டுவேன்."

"பின்னாடியிருந்து வருதுங்க."

"இருங்க, பாத்துருவோம்."

வண்டியை மேலே தூக்கி நிறுத்தினார்கள். அடியில் போய் விளக்கை அடித்துப் பார்த்தார். எங்களையும் கூப்பிட்டார்.

"நோடி சார், நீங்களே பாருங்க. எங்கயாவது எண்ணெய் இருக்கா? ஈரம் இருக்கா? நம்ம வீட்டுத் தட்டு மாதிரி இருக்கு. சோறு போட்டுச் சாப்பிடலாம். இப்படி வண்டி வெச்சிருக்கறவங்கள நான் பாத்ததே இல்ல!"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. யார் கழுவியது! அப்புறம் பளபளவென்று இருந்த அந்தப் பூசணிக்காயைப் பார்த்தேன். என் கையிலிருந்த அட்டையைப் பார்த்தேன். முன்பு வந்த மூன்று தடவையும் நான்தானே கழுவி அனுப்பினேன்? கசிந்ததையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, கசியவில்லை என்று அவர்களை எழுத வைத்தது நான்தான்.

சொல்ல வேண்டும். ஆனால் சுற்றிலும் ஆண்கள், பக்கத்தில் மாப்பிள்ளை. மறுபடியும் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்துவிட்டோம்.

வண்டியில் ஏறினோம். மகள் இருந்தால் அவளிடம் சொல்லியிருப்பேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றால், அவள் வேலை முடிந்து வர ஆறு மணி ஆகிவிடும். அதற்குள் அந்த மனிதர் என்ன முடிவெடுப்பாரோ. இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவது சிக்னலில் வண்டி நின்றபோது எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சொல்லுங்க அத்தை."

"வண்டியைக் கழுவினது தப்புன்னு சொல்லணும். எண்ணெய் அங்கதான் இருந்துச்சு. நாந்தான் தேச்சு எடுத்துட்டேன்னு சொல்லணும்."

"அத்தை, எங்கிட்டச் சொல்றீங்களா, கண்ணாடிகிட்டச் சொல்றீங்களா?"

எனக்கு முகமெல்லாம் வேர்த்தது. சிக்னல் விழுந்ததுகூடத் தெரியாமல் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தார்.

"நானும் பாத்துட்டுத்தானுங் நின்னேன். நம்ம வண்டி எவ்வளவு சுத்தமா இருக்குதுன்னு நெனச்சேனே தவிர, எனக்கும் தோணல" என்றார். அப்புறம், "வெள்ளிக்கிழமை ராமாபுரத்துக்கு லோடு இருக்குது. வாங்க, பாத்துருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை நஞ்சன்கூட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஹனூர் தாண்டி மேடு தொடங்கியதும் முனகல் வந்தது. அதுவரை நான் அதை நேரில் கேட்டதில்லை. வயிற்று வலிக்காரர் வெளியில் காட்டாமல் உள்ளுக்குள் முனகுவாரே, அப்படி. காலுக்கு அடியில் தகரத்திலும் அது தெரிந்தது. மேடு ஏறி முடிந்ததும் டீக்கடை ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கி, சேலையைச் சொருகிக்கொண்டு குனிந்தேன். அவர் போனில் விளக்கைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

"எங்க வருதுங் அத்தை?"

"இந்தக் கம்பி குண்டுக்குள்ள போற வாயிலிருந்துதானுங். வட்டமா வேர்த்திருக்குது. புழுதியெல்லாம் அதுல ஒட்டிக் கூழாட்டம் ஆயிருச்சு."

"தொடாதீங்க, சுடும்!"

அதற்குள் நான் தொட்டுவிட்டேன். விரல் சுட்டது. மோந்து பார்த்தேன், அதே முட்டை வாடை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் நாங்கள் செய்வதை டீயைக் குடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராமாபுரத்தில் மூட்டையை இறக்கிவிட்டு அன்று என் தம்பி வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை காலையில் வெயிலுக்கு முன்பே கிளம்பிவிட்டோம். அன்றைக்கு மதியம் வரைக்கும்தான் புகார் எழுதுவார்கள். கொள்ளேகால் தாண்டி வானம் கறுத்துக்கொண்டு வந்தபோது, மழை வந்து எல்லாவற்றையும் அலசிவிடுமோ என்று நான் தலையை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்தேன். நல்லவேளையாகத் தூறலோடு நின்றது.

சர்வீஸ் சென்டர் வாசலில் அதே காவல்காரர். எங்கள் வண்டியைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்.

"என்ன சார், அன்னிக்கு ராஜா மாதிரி வந்துச்சு, இன்னிக்கு இப்படி? வாஷுக்கு விடுங்க."

மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒருவர் சாவியைக் கேட்டார். வரிசையில் பின்னால் மூன்று வண்டி. வாஷுக்குப் போகாமல் மேஸ்திரியிடம் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மேஸ்திரியைப் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று மாப்பிள்ளை ஆபீஸுக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் வண்டி வாட்டர் வாஷ் மேடையில் நின்றது. நான் பின்னாலேயே ஓடினேன். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு ஆள் குழாயைத் திறந்து முன் சக்கரத்தில் அடிக்கத் தொடங்கினார். தண்ணீர் சாட்டை மாதிரி விழுந்தது. அடுத்து பின்பக்கம்தான்.

எப்படிப் போனேன் என்று எனக்குத் தெரியாது. பின் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"ஏனம்மா!" என்று அவர் குழாயைச் சட்டென்று மேலே தூக்கினார். "தள்ளி நில்லுங்க, நனைஞ்சுருவீங்க" என்று கன்னடத்தில் சொன்னார்.

"தண்ணி அடிக்காதீங்க."

"அழுக்கு வண்டியை மேல ஏத்தினா மேஸ்திரி என்னைத்தான் திட்டுவாரு. இது என் வேலைம்மா."

"அழுக்கத்தான் அவரு பாக்கணும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த அம்மாவுக்கு மூளை சரியில்லை என்று எழுதியிருந்தது. சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். சேலை முழங்கால் வரைக்கும் நனைந்துவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. நகர்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். கால் நகரவில்லை.

மேஸ்திரி வந்தார், மாப்பிள்ளை பின்னால். "என்ன கலாட்டா இங்க?"

"நாந்தானுங் கழுவினேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "ஒவ்வொரு தடவையும் நீங்க பாக்கறதுக்கு முன்னால நாந்தான் எண்ணெயைத் தேச்சுக் கழுவி உட்டேன். இன்னிக்குக் கழுவலீங். இப்பப் பாருங்க."

யாரோ சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. அப்படியே ஈரத் தரையில் முதுகைக் கொடுத்துப் படுத்து அடியில் நகர்ந்தார். அவர் கால் மட்டும் வெளியே தெரிந்தது.

"சார், இது எத்தனை நாளா?" என்று அடியிலிருந்து கேட்டார்.

"எனக்குத் தெரிஞ்சு ஒண்ணரை மாசங்" என்று மாப்பிள்ளைக்கு முந்திக்கொண்டு நான் சொன்னேன்.

வெளியே வந்து, விரலை மோந்து பார்த்தார். கம்பியைக் கையால் அசைத்தபோது ஆட்டம் இருக்கிறது, எண்ணெயைத் தடுக்கும் சீலும் போயிருக்கிறது, உள்ளே பேரிங்கும் போயிருக்கலாம், முனகல் அதனால்தான் என்றார். பிறகு குழாய்க்காரரிடம், "இந்த வண்டிய முட்டாதே" என்றார்; தொடாதே என்று அர்த்தம். என் பக்கம் திரும்பி, "அம்மா, இங்க வர்ற வண்டிய இனிமே நீங்க கழுவவே கூடாது" என்றார்.

ஆபீஸில் புகார் எழுதும் பெண் கம்ப்யூட்டரில் அடித்தாள். சாமான் வர மூன்று நான்கு நாள் ஆகும் என்றாள். அதற்குள் வாரண்டி முடிந்துவிடுமே என்று மாப்பிள்ளை கேட்டார். புகார் இன்றைக்குப் பதிவாகியிருந்தால் போதும் என்றாள். அவள் கொடுத்த தாளை நான் கேட்டு வாங்கினேன். இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, எண் தெரியும். தேதி அன்றைய தேதிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையிடம் கொடுத்தேன், நேராக அவர் கையில்.

வியாழக்கிழமை சாமான் வந்தது. பிரிக்கும்போது பார்க்க வேண்டும் என்று நானே கேட்டுப் போனேன். மேஸ்திரி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். பூசணிக்காயைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு பல் சக்கரங்கள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது, ஒன்றை ஒன்று கடித்துக்கொண்டு நின்றன. நீளவாக்குக் கம்பியின் சுற்றை அந்தச் சின்னது பெரியதிடம் கொடுக்க, அது குறுக்குவாக்கில் திருப்பிச் சக்கரத்துக்கு அனுப்புகிறது. கையால் சுற்றிக் காட்டினார். நானும் சுற்றிப் பார்த்தேன். எவ்வளவு கனம், ஆனால் எவ்வளவு லேசாகச் சுற்றுகிறது! கழற்றிய பேரிங்கின் உருளைகளில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தது.

"ஏன் மேட்டுல மட்டும் முனகுச்சு?" என்று கேட்டேன்.

"பாரத்தோட ஏறும்போது இந்தச் சின்னப் பல்லு பெரிசத் தள்ளுதும்மா. அப்ப அத்தனை பாரமும் இந்த உருளை மேல. காலி வண்டியில இதுக்கு வேலையே இல்ல. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா பல்லெல்லாம் உதிர்ந்திருக்கும்."

மாப்பிள்ளை அந்தப் பேரிங்கை வாங்கி உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே நின்றார்.

எல்லாம் வாரண்டியிலேயே முடிந்தது. அடுத்த லோடு அன்று, அத்தையும் வரட்டும் என்று அவர் மகளிடம் சொல்லவில்லை. "வர்றீங்களா அத்தை?" என்று என்னிடமே கேட்டார். மகள் இட்லித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

ஹனூர் தாண்டி மேடு வந்ததும் அவர் பாட்டை நிறுத்தினார். இரண்டு பேரும் காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாதி ஏறினோம். ஒன்றும் இல்லை. முக்கால் ஏறினோம். அப்போதும் இல்லை. உச்சிக்கு வந்தபோது என் பக்கத்துக் கதவிலிருந்து 'கட கட' என்று ஒரு சத்தம்.

நான் கதவைத் தட்டிப் பார்த்தேன். மேலே தட்டினால் நிற்கவில்லை, கீழே அழுத்தினால் நின்றது. "இது எதனாலங்க?" என்று கேட்டேன்.

"அத்தை, அத உட்ருங்க. வாரண்டி முடிஞ்சுபோச்சு" என்றார்.

நான் முழங்காலால் கதவை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ராமாபுரம் வரைக்கும் எந்தச் சத்தமும் இல்லாமல் போய்ச் சேர்ந்தோம்.